அக்காவின் கூரையில் நான் கலந்த சாம்பல்

கான்கிரீட்டை உடைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். பெங்களூருக்கு வெளியே, கலவையை லாரியில் சுழற்றிக்கொண்டே அனுப்புகிற ஒரு தொழிற்சாலையில் என் ஆய்வகம் இருக்கிறது. ஆய்வகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு அழுத்தும் இயந்திரம், அப்புறம் நான். அனுப்புகிற கலவையில் கொஞ்சம் எடுத்து ஆறங்குலக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவேன். எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருபது வருஷமாக இதுதான் வேலை. யாராவது கேட்டால் என் மனைவி, "அவருக்குக் கல்லு ஒடைக்கிற வேலை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள்.

சாம்பல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்த பிறகு புகையோடு போகிற நுண்ணிய சாம்பலைப் பிடித்து வைக்கிறார்கள். கலவையில் சிமெண்டைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் இந்தச் சாம்பலைப் போடலாம். கலவை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும். சூடு குறையும், வெடிப்பு குறையும், பிற்பாடு தண்ணீர் லேசில் உள்ளே இறங்காது. ஒரே ஒரு சங்கடம், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இறுகும். நிறைய நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் ஊரிலிருந்து வேலைக்குப் போகிற காலை ரயிலில் எதிரே உட்காருகிறவர்களுக்கு நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் எதிர் பெஞ்சு காலியாகிவிடும். உட்கார இடமில்லாத கூட்டத்திலும் எனக்கு எதிரே மட்டும் இடம் இருக்கும் என்று எங்கள் பெட்டியில் ஒரு பேச்சு.

எனக்கு ஒரே அக்கா. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடி அப்பாவுக்கு வேலை போன சமயம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். காலை ரயிலில் நின்றுகொண்டே போய், நாளெல்லாம் சட்டைக் காலர் தைத்துவிட்டு, மறுபடி நின்றுகொண்டே திரும்பி வருவாள். அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவின் இருமலுக்கு மருந்து வந்தது, எனக்கு சிவில் டிப்ளமா வந்தது. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "தம்பி மொதல்ல படிச்சு முடிக்கட்டும்" என்பாள். தம்பி படித்து முடித்தான், வேலைக்குப் போனான், தன் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவளிடம் யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த அந்தக் காலத்து லைன் வீட்டிலேயே இருந்தாள். மேலே தகரம். மழை வந்தால் எந்தப் பாத்திரத்தை எந்த ஒழுகலுக்கு வைக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். வேலையை விட்டு நின்றபோது வந்த பி.எஃப். பணத்தை மொத்தமாகப் போட்டு, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு துண்டு இடத்தில் ஒரு ஹாலும் சமையலறையுமாகக் கட்ட ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளிடம் எதுவும் கிடையாது. ஒன்று கெட்டால் இன்னொன்று போட வழியில்லை.

"செவுரு பூச்சு, தரை, அதெல்லாம் எப்படியாச்சும் கெடக்கட்டும்டா. மேல மட்டும் கெட்டியா இருக்கணும்" என்றாள்.

"அதை எங்கிட்ட வுடுக்கா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த எல்லா அபத்தங்களும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

ஏழு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சாம்பல் என்று கணக்குப் போட்டேன். தொழிற்சாலையில் அனுமதி கேட்டுச் சாம்பலை மூட்டைகளில் பிடித்து, ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, வீடு கட்டுகிற தெருவில் வந்து இறங்கினேன். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி முன் சீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன் என்று அக்கா பிறகு சொன்னாள். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து கொஞ்சம் சாம்பல் தெருவில் கொட்டியது. அவ்வளவுதான், பக்கத்து வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது, சயனைடு மேட்டு மண்ணா? அத்தக் கொணாந்து வூட்டுக்குப் போடுறீங்களே, நாங்கல்லாம் புள்ள குட்டியோட இருக்க வாணாவா?"

எங்கள் ஊரில் சாம்பல் நிறப் பொடி என்றால் ஒரே அர்த்தம்தான். தங்கம் எடுத்த பிறகு மிச்சமான தூளை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அது கண்ணில் விழும், துணியில் விழும், கொதிக்கிற குழம்பிலும் விழும். சயனைடு போட்டு எடுத்த மண் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆகவே அந்தம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. "இது வேறம்மா" என்று சொல்லியிருந்தால் போதும். நான் மூட்டைமேல் ஏறி நின்றுகொண்டு நிலக்கரியிலிருந்து ஆரம்பித்தேன். தெருவே கூடியது. யாருடைய முகத்திலும் நம்பிக்கை வராததால், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினேன். உடனே புரையேறிவிட்டது. கண்ணில் நீர் கொட்ட, இருமி இருமி மூட்டையிலிருந்து இறங்கினேன். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று ஃபாதர் கையால் சாம்பலை நெற்றியில் வைத்துக்கொள்கிற கிறிஸ்தவக் குடும்பம்தான் நாங்கள். அதைத் தின்றவன் நான் ஒருவன்தான்.

அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அறிவு கீதாடா உனக்கு?" என்றாள். ஆனால் கூடியிருந்தவர்களிடம் திரும்பி, "எந்தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். அவன் இதுக்கே படிச்சவன்" என்றும் சொன்னாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் கூரை போட்டோம். மேஸ்திரி பங்காருபேட்டைக்காரர், ஐம்பது தாண்டியவர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் சமாதானம் சொல்வார். கலவை மிஷினுக்குப் பக்கத்தில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அக்காதான் கடையில் சொல்லி இறக்கியிருந்தாள். நான் சாம்பலை அளந்து போட ஆரம்பித்ததும் மேஸ்திரி கிட்டே வந்தார்.

"சார், ஒரு நிமிசம். இந்தச் சிமெண்டுல…"

"மேஸ்திரி, நீங்க மட்டத்தைப் பாருங்க. கலவையை எங்கிட்ட வுட்டுடுங்க."

"அது இல்ல சார், மூட்டையிலயே…"

"இருபது வருஷமா எனக்கு இதான் மேஸ்திரி பொழப்பு."

"சரி சார்" என்று தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். அவர் என்னைத் தெலுங்கில் நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கலவை வெண்ணெயாகத்தான் போனது. நான் பூரித்துப் போனேன். தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்திருந்த அச்சுகளில் ஒன்பது கட்டிகள் வார்த்தேன். வீட்டுக் கூரைக்கு யாரும் இதைச் செய்வதில்லை. எனக்குத்தான் கையெழுத்துப் போடாமல் தூக்கம் வராதே. மறுநாள் அச்சைப் பிரித்து, கட்டிகளை ஒரு டிரம் தண்ணீரில் போட்டு அக்காவின் பொறுப்பில் விட்டேன். ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று, ஐம்பத்தாறாம் நாள் மூன்று.

ஏழாம் நாள் காலை, மூன்று கட்டிகளை ஈரத்துணியில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மேலே வைக்க உதவுகிறேன் என்று பையைத் தூக்கிய ஒருவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார், கேக்கா?"

"ஆமா, வூட்ல சுட்டது" என்றேன்.

"இன்னாத்த போட்டு சுட்டாங்க சார், இந்தக் கனம் கனக்குது?" என்று அவர் பெட்டி முழுக்கக் கேட்கும்படிக் கேட்டார். அந்தச் சிரிப்பு பெங்களூர் வரைக்கும் வந்தது. நானும் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அதோடு சரி.

இயந்திரத்தில் முதல் கட்டியை வைத்தேன். பாரம் காட்டுகிற முள் ஏறியது, பாதி வழிகூடப் போகாமல் நின்று இறங்கிவிட்டது. நல்ல கட்டி உடைந்தால் பட்டென்று ஒரு சத்தம் வரும். இது ரஸ்க் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. இயந்திரத்தில் கோளாறு என்று முடிவு செய்தேன். தொழிற்சாலையின் கட்டி ஒன்றை வைத்துப் பார்த்தேன். இயந்திரம் குத்துக்கல்லாக இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே கதி. சாம்பல் கலந்தால் மெதுவாக இறுகும், தெரியும். ஆனால் இவ்வளவு மெதுவாக இல்லை. மேஸ்திரி தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டார் என்று அவரைத் திட்டினேன். மணலைத் திட்டினேன். டிசம்பர் குளிரைத் திட்டினேன். உலகத்தில் நான் சந்தேகப்படாத ஆள் ஒருவன்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகும் முன் கட்டுகிற வீட்டுக்குப் போனேன். அக்கா காலி சிமெண்ட் மூட்டைகளைப் பிரித்து அலசி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, பின்பக்கம் கைகால் கழுவுகிற இடத்துக்குத் தடுப்பாகக் கட்டியிருந்தாள். காலர் தைத்த கை, எழுத்துகள் ஒரு கோட்டில் நேராக நின்றன. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். கண்ணுக்கு நேரே, மூட்டைக்கு ஒன்றாக, வரிசையாக அச்சடித்திருந்தது: சாம்பல் சேர்த்துத் தயாரித்த சிமெண்ட்.

முகத்தைத் துடைக்காமல் மறுபடி ஒரு தடவை படித்தேன். தொழிற்சாலையில் எங்களுக்கு வருவது எதுவும் கலக்காத சிமெண்ட். டேங்கர் லாரியில் வரும், உயரமான இரும்புக் குதிருக்குள் போகும். சாம்பலுக்குத் தனிக் குதிர். இரண்டையும் கலக்குவது நாங்கள். ஆனால் கடையில் மூட்டையாக விற்பதில் முக்கால்வாசி, சாம்பலை முன்பே கலந்து வருகிறது. கொத்து வேலைக்கு வருகிற சிற்றாளுக்கும் தெரிந்த விஷயம். ஏற்கெனவே சாம்பல் இருந்த சிமெண்டைக் குறைத்து, அதன் தலையில் நான் மறுபடி சாம்பலைக் கொட்டியிருக்கிறேன். பாதிக்குப் பாதி சாம்பல். மேஸ்திரி அன்றைக்கு இரண்டு தடவை வாயைத் திறந்தது இதற்குத்தான். இருபது வருஷம் சிமெண்டோடு குடும்பம் நடத்தியவன், ஒரு மூட்டையைக்கூட நின்று படித்ததில்லை.

இதை உடனே அக்காவிடம் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ரயிலில் என் எதிர் பெஞ்சில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். பூசையில் கண்ணை மூடினால் கூரை விழுந்தது. அக்காவோ நாள் தவறாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, பாத்தி கட்டியிருந்த கூரையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் தண்ணீர் நினைத்தபோது வருகிற சாமான் இல்லை. வந்த நாளில் பிடித்து வைத்ததை, குளிப்பதைக் குறைத்துக்கொண்டு கூரைக்கு ஊற்றினாள். அவளுக்கு முழங்கால் வலி வேறு.

பதினான்காம் நாள், கூரையை அடியில் தாங்கி நின்ற முட்டுக் கம்பங்களைப் பிரிக்க மேஸ்திரி வந்தார். வேறு இடத்தில் கூரை வேலை இருந்ததாம். சுத்தியலை எடுத்தவரை நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"வேணாம் மேஸ்திரி. இது புது முறை. முட்டு கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"எத்தினி நாள் சார்?"

"ஒரு… ஒண்ணரை மாசம்."

அக்கா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் பொய் எப்போதும் அவளிடம் செல்லுபடியானதில்லை.

"இன்னாடா பண்ண?" என்றாள்.

சொன்னேன். மூட்டையில் எழுதியிருந்தது, நான் பார்க்காதது, ஏழாம் நாள் கட்டி உதிர்ந்தது எல்லாம். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஏன்டா, மூட்டை மேல எழுதினு கீறதைப் படிக்கத் தெரியாதவனுக்கா நான் டிப்ளமா வாங்கிக் குடுத்தேன்?" என்றாள் அக்கா. அப்புறம் மணல் குவியலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா போன அன்றுகூட வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

"வுழுந்துடுமா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் இருந்திருக்கும், வேறு யாராவது கேட்டிருந்தால். "தெரியலக்கா" என்றேன். "சாம்பலுக்கு நேரமும் தண்ணியும் குடுத்தா இறுகும். எவ்ளோ இறுகும்னு இப்போ சொல்ல முடியாது. சத்தியமா தெரியல."

மேஸ்திரிதான் பேசினார். "கம்பம் இருக்கட்டும்மா. நான் அங்க வேற கம்பம் பாத்துக்கறேன். நீங்க தண்ணி மட்டும் வுடாதீங்க."

"தண்ணியை இனிமே இவன் ஊத்துவான்" என்றாள் அக்கா.

ஊற்றினேன். விடிந்தும் விடியாமல் எழுந்து, பனியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு வந்து, பத்துக் குடம் மேலே ஏற்றிவிட்டு ரயிலைப் பிடிப்பேன். இரண்டு தடவை ஏணியில் வழுக்கினேன். ஒரு தடவை குடத்தோடு பக்கத்து வீட்டம்மாவின் கோலத்தில் போய் விழுந்தேன். "இன்னா சார், மாடியில நெல்லு நட்டுக்கிறீங்களா?" என்று அவர் கேட்டார். பொங்கலுக்குக் குடிபோவதாக இருந்த அக்கா, ஃபாதர் வந்து ஜெபித்து வீடு மந்திரிப்பதாக இருந்த நாளைத் தள்ளி வைத்தாள். கேட்டவர்களிடம் எல்லாம், "தம்பி வேலை விசயமா அலைஞ்சுக்கினு கீறான்" என்றாள். என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. காபியை டம்ளரில் ஊற்றி ஏணியடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இருபத்தெட்டாம் நாள் கட்டிகள் தேறவில்லை. ஆனால் ஏறியிருந்தன. ஐம்பத்தாறாம் நாள் கடைசி மூன்றையும் சுமந்துகொண்டு போனேன். முள் மெதுவாக ஏறி, முன்பு நின்ற இடத்தைத் தாண்டி, தேவையான கோட்டையும் தாண்டிக் கொஞ்சம் போய், பட்டென்று சத்தம் கேட்டது. மூன்றும் தேறின. கொட்டகையில் நான் தனியாக இருந்தேன். யாராவது வந்தால் கண்ணில் தூசி என்று சொல்லத் தயாராக இருந்தேன், யாரும் வரவில்லை.

ஆனாலும் டிரம்மில் ஊறிய கட்டி வேறு, வெயிலிலும் பனியிலும் கிடந்த கூரை வேறு. இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவனும் நான்தான்.

அடுத்த ஞாயிறு மேஸ்திரி வந்தார். அக்காவைத் தெருவில், பக்கத்து வீட்டம்மாவோடு நிறுத்தி வைத்தேன். நான் ஹாலுக்குள் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

"வெளிய போங்க சார்" என்றார் மேஸ்திரி.

"நீங்க உள்ள நிக்கும்போது நான் எப்படி மேஸ்திரி வெளிய நிக்கறது? தப்பு என்னுது."

வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு என்று மனசுக்குள் எண்ணி வைத்திருந்தேன். நாலு எட்டு. மேஸ்திரி நடுவில் இருந்த கம்பத்தின் அடி ஆப்பைத் தட்டினார். கம்பம் சரிந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததைத் தட்டக் குனிந்தபோது வாசலில் நிழல் தட்டியது. அக்கா உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, வெளிய போ. எல்லாம் பிரிச்சப்புறம் வா" என்று கத்தினேன்.

அவள் கேட்கவில்லை. கம்பங்களை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வுழுந்துட்டா, தெருவுல பத்திரமா நின்னுக்கினு நான் இன்னாடா பண்ணப் போறேன்?" என்றாள்.

மேஸ்திரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கம்பமாகத் தட்டிக்கொண்டே போனார். கடைசிக் கம்பமும் விழுந்தது. கூரை அசையவில்லை. அக்கா என் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.